ஷவருக்குக் கீழே விரிசல் விட்ட டைல், ஆனால் ஒழுகியது வேறு இடத்தில்

சென்னையில் 15 வருடப் பழைய அடுக்குமாடி வீடு எங்களுடையது. கீழ்வீட்டு அக்கா கூப்பிட்டு அவர்கள் பாத்ரூம் சீலிங்கைக் காட்டினார்கள். மஞ்சளாக ஓதம் ஏறி, நடுவில் சொட்டு நின்றது. அதற்கு நேர் மேலே, எங்கள் ஷவருக்கு அடியில், ஒரு டைல் குறுக்காக விரிசல் விட்டிருந்தது. அதுதான் என்று முடிவுகட்டி கொத்தனாரை வைத்து வெள்ளை சிமெண்ட் அடைத்தோம். பத்தே நாளில் மறுபடியும் சொட்டு. அக்காவின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அப்புறம் வந்த பிளம்பர் உளியைத் தொடவே இல்லை. "மூணு நாள் இங்க குளிக்காதீங்க சார்" என்றார். இன்னொரு பாத்ரூம் இருந்ததால் முடிந்தது. சொட்டு நின்றது. குழாய் லைனில் ஓட்டை என்றால் குளிக்காவிட்டாலும் ஒழுகும். ஆக, கோளாறு தரைப்பக்கம். பாலித்தீனில் சுற்றிய துணியால் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்து, ஒரு அங்குலம் தேக்கி, சுவரில் பென்சிலால் கோடு போட்டார். ஆவியாகும் அளவு தெரிய பக்கத்தில் ஒரு தட்டிலும் தண்ணீர் வைத்தார். 24 மணி நேரத்தில் தட்டில் குறைந்தது கொஞ்சம்தான். தரையில் அரை அங்குலம் இறங்கியிருந்தது.

அடுத்து அவர் செய்ததை மறக்க மாட்டேன். மகளின் விளையாட்டுக் களிமண்ணை உருட்டி, விரிசல் டைலைச் சுற்றி மட்டும் வரப்பு கட்டித் தண்ணீர் ஊற்றினார். காலையில் அப்படியே நின்றது. ஓட்டையை அடைத்தபடியே, வரப்பை ஜாலியை (ஓட்டையின் மேல் இருக்கும் சல்லடை மூடி) சுற்றி மாற்றினார். ஒரு மணி நேரத்தில் வற்றிவிட்டது, கீழேயிருந்து போனும் வந்துவிட்டது. ஜாலி ஓரத்தில் கிரவுட் (டைல் இடைவெளியை அடைக்கும் கலவை) முழுக்கப் போய், ஏடிஎம் கார்டு நுழைகிற சந்து. அதில் இறங்கிய தண்ணீர் டைலுக்கு அடியில் இருந்த கலவையை அரித்திருக்கிறது. நாணயத்தால் தட்டினால் தள்ளியிருந்த டைல்கள் கணீர் என்றன, விரிசல் டைல் பொக்கென்றது. பிடிமானம் இல்லாமல் மிதிபட்டுத்தான் விரிந்திருக்கிறது.

மூன்று டைல் மட்டும் மாற்றினோம். முதலில் சுற்றிலும் கிரவுட்டை அறுத்து, டைலை நடுவில் உடைத்து ஓரத்துக்கு வந்ததால் மற்றவற்றுக்கு அடிபடவில்லை. அடித்தளத்தை நன்றாகக் காயவிட்டு வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட்டு, இரண்டாவது முதலாவதுக்குக் குறுக்காக. இடைவெளிகளில் எபாக்ஸி கிரவுட். சுவரும் தரையும் சேரும் மூலையில் ரப்பர் போல வளையும் சிலிகோன் சீலன்ட், அங்கே கிரவுட் போட்டால் அசைவில் விரிந்துவிடும். மறுபடி ஒருநாள் தேக்கிப் பார்த்த பிறகே அக்கா வீட்டு சீலிங்குக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தோம்.

*

இதைப் படித்த இன்னொருவரின் பதில்: உங்களுக்கு ஜாலி ஓரம், எங்களுக்குச் சுவருக்குள். ஊருக்குப் போய் ஒரு வாரம் பூட்டிக் கிடந்தபோதும் ஓதம் காயவில்லை. பிளம்பர் லைனை அடைத்து, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி மீட்டரைப் பார்த்தார். முள் கண்ணெதிரே இறங்கியது. வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் மிக்ஸர் குழாய்க்குப் பின்னால் எல்போ (குழாயின் வளைவு இணைப்பு) விரிசல் விட்டிருந்தது. இரண்டு சுவர் டைலோடு வேலை முடிந்தது. தரையை உடைக்கச் சொன்ன முதல் ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்ததுதான் இன்னும் வலிக்கிறது.