கட்டர் ஒன்றையே வைத்து 652 சேவ்: மரியானோ ரிவேராவை ஏன் அடிக்க முடியவில்லை?

கேள்வி:
கிரிக்கெட்டில் ஒரே மாதிரிப் பந்து போட்டால் இரண்டாவது ஓவரிலேயே அடி விழும். ஆனால் பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் ரிவேரா கிட்டத்தட்ட கட்டர் (கடைசி நேரத்தில் விலகும் வேகப்பந்து) ஒன்றையே வீசினார். வரப்போவது கட்டர்தான் என்று தெரிந்தும் பேட்டர்கள் ஏன் திணறினார்கள்? ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஒன்றை மட்டும் வீசுபவருக்கு இவ்வளவு பெருமை எப்படி?

பதில் 1:
எல்லாம் விரல்பிடியில் இருக்கிறது. நேராக வரும் சாதாரண வேகப்பந்தான ஃபோர்-சீமுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்காக, பந்தின் நடுவில் இருக்கும். கட்டருக்கு இரண்டையும் இம்மியளவு வெளிப்பக்கம் தள்ளி, நடுவிரலில் அழுத்தம் கூட்ட வேண்டும். மணிக்கட்டைத் திருப்பவே கூடாது. திருப்பினால் ஸ்லைடர் (பக்கவாட்டில் அதிகம் வளையும் பந்து) மாதிரி ஆகி வேகம் குறையும், பேட்டரும் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்.

நம் கிரிக்கெட்டின் லெக் கட்டர் தரையில் பட்ட பிறகுதான் திரும்பும். இது காற்றிலேயே, கடைசி நேரத்தில் சில அங்குலம் விலகும். மணிக்கு 150 கி.மீ. அளவில் வரும் பந்து பேட்டரை எட்ட அரை நொடிகூட ஆகாது. நேர்ப்பந்து என்று நம்பி மட்டையை வீசத் தொடங்கிய பிறகு விலகினால் என்ன செய்ய முடியும்? இடக்கை பேட்டருக்கு அது உள்ளே புகுந்து கைப்பிடிக்கு மேலே, மட்டை மெலிந்திருக்கும் இடத்தில் படும். மட்டை முறியும். 2013-இல் மினசோட்டா ட்வின்ஸ் அணி அவருக்குக் கொடுத்த பிரிவுப் பரிசே உடைந்த மட்டைகளால் செய்த ஆடும் நாற்காலி!

பதில் 2:
ஒரு இன்னிங்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். வீசுபவர் கணக்கில் சேர்க்கும் சேவ் பெரும்பாலும் கிடைப்பது, முன்னிலை 3 ரன் அல்லது அதற்கும் குறைவாக இருக்கும்போது கடைசி இன்னிங்ஸை வீசி வெற்றியைக் காப்பாற்றினால்தான். தவறினால் மற்றவர்கள் எட்டு இன்னிங்ஸ் உழைத்தது வீண். பிளேஆஃபில் அவரை எட்டாவது இன்னிங்ஸிலேயே இறக்கியது பலமுறை. அங்கே 141 இன்னிங்ஸ் வீசி அவருடைய ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு வீசுபவர் கொடுக்கும் சராசரி ரன்) வெறும் 0.70. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஒரு ரன்னுக்கும் குறைவு. என்னைக் கேட்டால், 652-ஐவிடப் பெரிய எண் இதுதான்.

கேள்வி கேட்டவர்:
அப்படியென்றால் ஸ்டார்ட்டராக (ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து வீசுபவராக) ஏன் வைத்துக்கொள்ளவில்லை?

பதில் 3:
வைத்துப் பார்த்தார்கள். 1995-இல் 10 ஆட்டங்களில் ஸ்டார்ட்டர், அந்த ஆண்டு ஈ.ஆர்.ஏ. 5.51. ஸ்டார்ட்டர் ஒரே பேட்டரை மூன்று முறை சந்திக்க வேண்டும். பந்து வகை குறைவாக இருந்தால் மூன்றாவது முறை பிடிபட்டுவிடும். 1996-இல் அப்போதைய க்ளோசர் (கடைசி இன்னிங்ஸை வீசி முடிப்பவர்) ஜான் வெட்லாண்டுக்கு முன்னால் வீசும் ஆளாக மாற்றினார்கள்: 107⅔ இன்னிங்ஸ், 130 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது). 1997-இல் அவரே க்ளோசர். கட்டர் கைவந்ததும் அந்த ஆண்டுதான், சக வீச்சாளர் ராமிரோ மெண்டோசாவோடு சும்மா பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது.

2001 உலகத் தொடரின் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டத்தின் கடைசிப் பந்தையும் பாருங்கள். ஆட்டம் 2-2, மூன்று பேஸிலும் (ஓடி எட்ட வேண்டிய நிலைகள்) எதிரணி ஆள், ஒரு அவுட். ரன்னைத் தடுக்க உள்வட்ட ஃபீல்டர்கள் முன்னே நெருங்கி நிற்கிறார்கள். இடக்கை பேட்டர் லூயிஸ் கொன்சாலெஸுக்குக் கட்டர் வழக்கம்போல உள்ளே புகுந்தது, மட்டையின் நடுவில் படவும் இல்லை. ஆனால் மெதுவாக எழும்பிய பந்து ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) தலைக்கு மேல் போய் விழுந்தது, யாங்கீஸ் தோற்றது. அவர் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் கேட்ச்.