ஷாக் அப்சார்பருக்கு 'ஆட்டமடக்கி': கழற்றிப் பார்த்தபின் ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம். கார்ச் சக்கரத்தின் வில்லோடு சேர்ந்திருக்கும் ஷாக் அப்சார்பருக்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற நம் குழுப் பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'அதிர்வு தாங்கி' நெடுநாளாக வழங்கிவரும் சொல். அதையே வைத்துக்கொள்ளலாமே, புதிதாக எதற்கு?

ஐயா, போன வாரம் வரை நானும் இப்படித்தான் நினைத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டு முற்றத்தில் எங்கள் பழைய மாருதி ஜென் வண்டியின் முன்பக்க ஷாக் இரண்டையும் கழற்றி, வாயு நிரப்பியதாகப் புதிது வாங்கி மாட்டினேன். அதன்பிறகு 'அதிர்வு தாங்கி' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

எங்கள் ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். வீட்டுக்கு வரும் பாதை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும். ஒரு பள்ளத்தில் விழுந்தால் வண்டி மூன்று நான்கு தடவை மேலும் கீழும் ஆடி, அடுத்த பள்ளம் வந்த பிறகும் நிற்காது. பானெட் மூலையைக் கையால் அழுத்தி விட்டாலும் அதே கதைதான். ஷாக்கின் உடம்பெல்லாம் எண்ணெய்க் கசிவு.

கழற்றுவது கடினமில்லை, பொறுமை வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை எடுத்து, பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பை விடுவித்து, கீழே இரண்டு போல்ட்டு, மேலே பானெட்டுக்குள் இருக்கும் நட்டுகள். அவ்வளவும் எடுத்தால் சுருள்வில்லும் ஷாக்கும் ஒன்றாகவே கையில் வந்துவிடும். ஆபத்து அதற்கு அப்புறம்தான். வில்லை இரு பக்கமும் கொக்கி போட்டு ஒடுக்கும் கருவியை வர்க்‌ஷாப் அண்ணனிடம் வாங்கி வந்திருந்தேன். வில் முழுக்க ஒடுங்கி மேல் தட்டு தளர்ந்த பிறகுதான் நடு நட்டில் ஸ்பானர் வைக்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே கழற்றினால் வில் தெறித்து ஆளையே கொன்றுவிடும். வீட்டில் செய்ய நினைப்பவர்கள் இந்த ஓர் இடத்தில் தயவுசெய்து விளையாட வேண்டாம்.

வில் ஒரு பக்கம், ஷாக் ஒரு பக்கம் எனத் திண்ணையில் பிரித்து வைத்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பழைய ஷாக்கின் தண்டை ஒரு விரலால் அழுத்தினேன். தடையே இல்லாமல் உள்ளே போனது, அப்படியே கிடந்தது. என்றால் அது எப்போதோ செத்துவிட்டது. ஆனால் வண்டி தாழ்ந்திருந்ததா? இல்லை. மட்கார்டு விளிம்பிலிருந்து தரை வரை வேலைக்கு முன்பும் பின்பும் அளந்தேன். விரலகலம்கூட வேறுபாடு இல்லை. தாங்குவதுதான் அதன் வேலை என்றால், அது செத்த அன்றே வண்டி உட்கார்ந்திருக்க வேண்டாமா? தாங்கியது வில். பள்ளத்தின் அடியை வாங்கியதும் வில்.

அப்படியானால் ஷாக் என்னதான் செய்கிறது? குழாய்க்குள் எண்ணெய், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுகளும். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியாக நெருக்கியடித்துப் போக வேண்டியிருக்கிறது. அந்தத் தடையில் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிப் போகிறது. மோசமான சாலையில் ஓட்டிவிட்டு வந்து தொட்டால் குழாய் சுடுவது அதனால்தான். பெரும்பாலான கார்களில் வில் அமுங்கும்போது இருக்கும் பிடிப்பைவிட, அது திரும்ப நிமிரும்போது இருக்கும் பிடிப்பு கூடுதல். அடியை வாங்குவதைவிட, வாங்கிய பின் துள்ளுவதை அடக்குவதே அதன் முதல் வேலை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? புதியதில் நைட்ரஜன் அடைத்திருக்கிறார்கள். வேகமாக ஆடும்போது எண்ணெய் நுரைத்துப் பிடிப்பு இழக்காமல் இருக்க அந்த அழுத்தம் உதவுகிறது. தண்டை அமுக்கிக் கட்டியிருந்த பட்டையை வெட்டியதும் தண்டு தானாகவே மெல்ல மேலே எழுந்தது. திரும்ப அமுக்க என் உடம்பு எடை முழுக்கத் தேவைப்பட்டது.

தமிழில் இதற்கெல்லாம் வேறுவேறு சொற்கள் இருக்கின்றன. சாலை கொடுப்பது குலுக்கல். அது வண்டியைத் தூக்கிப் போடுகிறது. அதற்குப் பிறகும் நிற்காமல் இருப்பது ஆட்டம். தொட்டிலை ஒரு தள்ளு தள்ளிவிட்டால் தள்ளல் முடிந்துவிடும், ஆட்டம் முடியாது. 'அதிர்வு' என்ற ஒரே சொல்லில் இவை எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

ஞாயிறு மாலை வர்க்‌ஷாப் அண்ணன் வந்து பானெட்டை அழுத்தி விட்டார். ஒரே தடவை எழுந்து நின்றுவிட்டது. "ஆட்டம் அடங்கிற்று பாத்தியா" என்றார். சொல்லைத் தந்தவர் அவர்தான். *ஆட்டமடக்கி*. இதைக் குழுவில் சொன்னபோது ஓர் அக்கா கேட்டது:

> 'ஆட்டம் அடங்குவது' என்றால் ஒருவர் ஒழிந்தார், திமிர் தீர்ந்தது என்ற பொருள் வருமே. கலைச்சொல்லுக்கு அது பொருந்துமா?

வரும் அக்கா, மறுக்கவில்லை. ஆனால் மனிதரைப் பற்றிப் பேசும்போதுதான் அந்தப் பொருள் வருகிறது. ஊஞ்சலின் ஆட்டம் அடங்கியது என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. 'தணிப்பான்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான். ஆனால் எதைத் தணிப்பது? காய்ச்சலையும் தணிக்கலாம், கோபத்தையும் தணிக்கலாம். பூகம்பத்துக்காகக் கட்டடத்தில் வைப்பது, துணி துவைக்கும் இயந்திரத்தின் தொட்டிக்குக் கீழே இருப்பது என எல்லாவற்றுக்கும் ஆட்டமடக்கி பொருந்தும்.

அடுத்து சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்துக்கும் வண்டி உடலுக்கும் நடுவே வில், ஷாக் எல்லாம் சேர்ந்த அமைப்பு. அதை நேராக மொழிபெயர்த்த 'தொங்கமைப்பு' வேண்டாம் என்றே சொல்வேன். ஐரோப்பாவில் பழைய குதிரை வண்டிகளின் உடலைத் தோல்வாரில் தொங்கவிட்டார்கள். அந்தப் பெயர் அங்கே நிலைத்தது. நம் வண்டி எதிலும் தொங்கவில்லை. நமக்கு வில்வண்டி இருக்கிறது. சக்கர அச்சான இருசுக்கும் வண்டிக் கூட்டுக்கும் நடுவே வில் வைத்ததால் வந்த பெயர். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் இதே சொல்தான். தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையில் 1893இல் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் அய்யன்காளி ஓட்டிச் சென்றது வில்லுவண்டி. அவருடைய வெங்ஙானூர் எங்களுக்குப் பக்கம்தான். பட்டறையில் பட்டைவில்லைக் 'கமான் பட்டை' என்கிறார்களே, அந்தக் கமானும் பாரசீகத்தில் வில்தான். மூன்று மொழியும் ஒரே பொருளைப் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கும்போது நாம் ஏன் தொங்க வேண்டும்? *வில்லமைப்பு* என்று முன்மொழிகிறேன். அம்பாசடரின் முன்பக்கம் இருந்த முறுக்குத் தண்டும், பேருந்துகளில் வரும் காற்றுப் பையும் வில்போல வளையாதே என்று கேட்கலாம். சுருள்வில்லும் வில்போல இல்லைதான். ஆனாலும் பாடநூலில் அதை ஏற்றுக்கொண்டோம். வளைந்தோ ஒடுங்கியோ முறுகியோ தன் நிலைக்குத் திரும்புவது எல்லாம் வில்.

ஜென்னில் முன்பக்கம் இருப்பது வெறும் ஆட்டமடக்கி அல்ல, ஸ்ட்ரட். வில்லுக்கு இருக்கை தந்து, சக்கரத்தை நிமிர்த்தியும் பிடிக்கிறது. இதற்கு *முட்டுக்கால்* சரியாக இருக்கும். குலை தள்ளிய ஏத்தன் வாழைக்கு நாங்கள் முட்டுக் கொடுப்போம். சாயாமல் நிறுத்துவதே அதன் வேலை.

சிக்கல் ஒன்று மிச்சம் இருக்கிறது. வில் முழுக்க அமுங்கும்போது இரும்பும் இரும்பும் இடிக்காமலிருக்கத் தண்டில் ஒரு ரப்பர்க் கட்டி கோத்திருப்பார்கள். எங்களுடையது பொடிந்து போயிருந்தது, புதிது போட்டேன். அதை 'முட்டு' என்று எழுதலாம் என்றால் முட்டுக்காலோடு குழம்புகிறது. 'இடிதடை' என்று ஒன்று தோன்றுகிறது. மின்னல் தாங்கும் கம்பியை நினைவூட்டுமோ என்று தயக்கமாகவும் இருக்கிறது. நாளை காலை சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்ய வண்டியை வீல் அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோகிறேன். கீழ் போல்ட்டுகளைத் தொட்டுவிட்டால் அது கட்டாயம். திரும்பி வந்ததும் உங்கள் பதில்களைப் பார்க்கிறேன். அந்த ரப்பருக்கு என்ன பெயர் வைக்கலாம் சொல்லுங்கள்.