ஜிடிஐ இன்ஜெக்டர் துளை: 100 மைக்ரான் வைத்தால் என்ன பிரச்சினை?

பிஸ்டன்பிரியன்:
எம்.இ. தெர்மல் இரண்டாம் வருடம். புராஜெக்டுக்கு 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒன்றை எடுத்திருக்கிறேன் (120 பிஎஸ், 6000 ஆர்பிஎம்), பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே அடிக்கிற ஜிடிஐ வகை. ஆறு துளை நாசில் டிசைன் செய்ய வேண்டும். டீசலில் அழுத்தத்தை 2000 பாருக்கு மேல் ஏற்றி 100 மைக்ரான் பக்கத்தில் துளை போடுகிறார்கள், துளி நன்றாகப் பொடிந்துவிடுகிறது, அதையே இங்கேயும் செய்துவிட்டுப் போகலாமே என்று கைடிடம் கேட்டேன். "200 பாரில் 100 மைக்ரான் வைத்தால் என்ன ஆகும், கணக்குப் போட்டுக்கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார். எங்கே ஆரம்பிப்பது? துளையின் நீளத்தை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

ரெயில்பிரஷர்:
தம்பி, இன்ஜின் எவ்வளவு குடிக்கும் என்பதில் ஆரம்பியுங்கள். 120 பிஎஸ் என்றால் 88 கிலோவாட். முழு பவரில் கிலோவாட்-மணிக்கு 300 கிராம் என்று வைத்தால் நொடிக்குச் சுமார் 7.3 கிராம். 6000 ஆர்பிஎம்மில் மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து நொடிக்கு 150 தடவை அடிக்க வேண்டும், ஆக ஒரு தடவைக்கு 49 மில்லிகிராம். அப்புறம் நேரம். அந்த வேகத்தில் ஒரு மில்லிநொடிக்குள் கிராங்க் 36 டிகிரி சுற்றிவிடும். உறிஞ்சும் ஸ்ட்ரோக்கைக் கொஞ்சம் தாண்டி 200 டிகிரி கிடைத்தால்கூட கையில் இருப்பது 5.5 மில்லிநொடிதான். அதற்குள் 49 மில்லிகிராம் போக நொடிக்கு 9 கிராம் பாய வேண்டும், துளைகளை அடைக்கிற ஊசி திறந்து மூடுகிற நேரத்துக்கும் சேர்த்து 10 என்று வையுங்கள். 200 பார், அடர்த்தி கன மீட்டருக்கு 745 கிலோ, டிஸ்சார்ஜ் கோ-எஃபிஷியன்ட் (கணக்குப்படி பாய வேண்டியதில் நிஜத்தில் பாய்கிற பங்கு) 0.6 போட்டால் ஆறு துளையும் தலா 143 மைக்ரான் விட்டம் வரும்.

இப்போது உங்கள் 100 மைக்ரானைப் போட்டுப் பாருங்கள். அதே பெட்ரோல் போக 10 மில்லிநொடி, அதாவது 360 டிகிரி. ஸ்பார்க் அடித்த பிறகும் இன்ஜெக்டர் ஊற்றிக்கொண்டே இருக்கும்! இதைச் சமாளிக்க 840 பார் வேண்டும், இல்லை 12 துளை வேண்டும்.

பிஸ்டன்பிரியன்:
சூப்பர் அண்ணா, இது புரிந்தது. சரி, 840 பாரே வைத்துவிட்டால்?

தீப்பொறி:
பம்பு தின்கிற பவர் பெரிய விஷயமில்லை, நஷ்டங்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் உங்கள் இன்ஜினுக்கு 840 பாரில் முழு லோடிலும் ஒரு கிலோவாட்டுக்குள்தான். பெட்ரோலில் வழவழப்பு இல்லை என்பதுதான் சிக்கல். டீசல், பம்புக்கு எண்ணெய் வேலையையும் சேர்த்துப் பார்க்கும், பெட்ரோல் பார்க்காது, அழுத்தம் ஏற ஏற பம்புக்குள் தள்ளுகிற தண்டான பிளஞ்சர் தேயும். இன்ஜெக்டரின் மின்காந்தமான சோலனாய்டும் அவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து ஊசியைத் தூக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், டீசலோடு ஒப்பிடுவதே இங்கே சரிவராது. டீசல் அடிக்கும்போது உள்ளே காற்று நன்றாக அமுங்கி, அடர்த்தியாக, கொதிக்கக் கொதிக்க இருக்கிறது, ஸ்பிரே அதில் மோதி நின்றுவிடும். பெட்ரோலைப் பெரும்பாலும் உறிஞ்சும் ஸ்ட்ரோக்கில் அடிக்கிறோம், காற்று லேசாக இருக்கும், 200 பாரிலேயே பெட்ரோல் நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் கிளம்பும், எதிர்ச்சுவர் ஏழு சென்டிமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. லைனரில், அதாவது சிலிண்டர் சுவரில் பட்டால் ஆயிலில் கலக்கும், பிஸ்டன் தலையில் படிந்தால் கரித்துகள். ஐரோப்பாவின் புகை விதியான யூரோ 6-இல் 2017 முதல் இந்த வகை பெட்ரோல் கார்களுக்கும் கிலோமீட்டருக்கு 6×10¹¹ துகள்தான் உச்சவரம்பு, அதனால் ஒவ்வொரு துளையும் எங்கே குறி வைக்கிறது என்பதில்தான் உண்மையான டிசைன் இருக்கிறது. ஆறும் சமச்சீராக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, பக்கவாட்டில் பொருத்துகிற இன்ஜெக்டரில் இருக்கவும் இருக்காது.

இன்னொன்று. இன்ஜின் சூடாகி, லோடு குறைவாக இருக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, சூடான பெட்ரோல் துளையை விட்டு வந்ததும் பொங்கி ஆவியாகும், ஸ்பிரேக்கள் உப்பி ஒன்றோடொன்று சேர்ந்து நடுவில் சுருங்கிவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த கோணமெல்லாம் போச்சு. 12 துளை வேண்டாம் என்பதற்கும் இது ஒரு காரணம், துளைகள் நெருங்கினால் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

மைக்ரான்மணி:
துளை நீளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. டீசலில் நீளம் விட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இருக்கும். இதில் ஒரு மடங்கு, கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். குட்டையாக இருந்தால் ஸ்பிரே விரிந்து சீக்கிரம் உடையும், எதிர்ச்சுவர் வரை போகாது. ஆனால் அழுத்தம் தாங்க உலோகம் தடிமனாக இருக்க வேண்டுமே, அதனால் வெளிப்பக்கத்தில் பெரிய விட்டத்தில் ஒரு படி வெட்டிவிடுவார்கள். அந்தப் படி உள்துளையின் வாயைத் தீயிலிருந்து கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் ஊசி மூடும்போது வேகம் போன கடைசிச் சொட்டு அங்கேயே தங்கி முனையை நனைத்துவிட்டால் அது எரிந்து கரியாகும், கரி சேரச் சேர இன்னும் பெட்ரோலைப் பிடித்து வைக்கும். லேசரில் போட்ட துளை ஓரம் கூர்மையாக, சுத்தமாக வரும். மின்பொறியால் உலோகத்தை அரித்துத் துளை போடுகிற ஸ்பார்க் எரோஷனில் வருகிற சுவர் சொரசொரப்பு இருக்காது.

ரெயில்பிரஷர்:
உள்வாயை உருட்டிவிட்டால் 0.6 என்பது 0.8 வரை ஏறுமே மணி, துளையை இன்னும் சிறிதாக்கலாம்.

மைக்ரான்மணி:
டீசலில் அதைத்தான் செய்கிறார்கள். இங்கே கூர்மையான உள்வாயில் ஏற்படுகிற குமிழிகள்தான் ஸ்பிரேயை உடைக்கவும் துளைச் சுவரில் கரி பிடிக்காமல் இருக்கவும் உதவுகின்றன. நானாக இருந்தால் உருட்ட மாட்டேன்.

தீப்பொறி:
பிஸ்டன்பிரியன், சிமுலேஷன் செய்யப்போகிறீர்கள் என்றால் உங்கள் நாசிலுக்கு முன்னால் ஸ்பிரே ஜி-யை ஓட்டுங்கள். இன்ஜின் கம்பஷன் நெட்வொர்க் என்ற கூட்டமைப்பு பொதுவில் வைத்திருக்கிற எட்டுத் துளை நாசில், உள்துளை 165 மைக்ரான், வெளிப்படி 388 மைக்ரான், பெட்ரோலுக்குப் பதிலாக 200 பாரில் ஐசோ-ஆக்டேன். அளவெடுத்த தரவு எல்லாம் கிடைக்கும், அந்த 0.6-ஐயும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். அப்புறம், நம் ஊர் பங்க்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதே காற்றுக்கு எடையில் 9 சதவீதம் கூடுதலாக அடிக்க வேண்டும், ஆகவே அந்த 143-ஐ 149 பக்கம் கொண்டுபோங்கள், வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.