சாம்பல் போட்ட தூண்: கடலோரத்துக்குத் தாங்குமா?

மஞ்சக்குப்பத்தான்:
தேவனாம்பட்டினத்தில் தங்கை வீட்டுக்குத் தூண் போடுகிறோம். கம்பி நெருக்கம், கான்கிரீட்டை அதிரவைத்துப் படியச் செய்யும் வைப்ரேட்டர் ஊசி இறங்காது. அதிர்வில்லாமல் தானே ஓடி நிரம்பும் கான்கிரீட்டே வழி. 1980களில் ஜப்பானில் பேராசிரியர் ஒகாமுரா இதற்கு வழிகாட்டியது, தேர்ந்த கட்டுமானத் தொழிலாளர்கள் குறைந்ததால்தான். நமக்கும் இன்று அதே நிலை. ஆனால் இதற்கு நுண்தூள் நிறைய வேண்டும். அத்தனையும் சிமெண்ட் என்றால் செலவும் ஏறும், சூடும் ஏறும். நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலும் நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்புச் சக்கைச் சாம்பலும் இருக்க, ஏன் தயங்க வேண்டும்?

வில்லியனூர்ப் பொறியாளர்:
தயங்கத்தான் வேண்டும், ஐயா. சக்கைச் சாம்பலில் எரியாத கரி இருக்கும். கலவையை இளக்க ஊற்றும் அட்மிக்சரை அது குடித்துவிடும். கலவை ஓடாது. உடனே யாராவது தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அரியாங்குப்பத்தில் என் கண்ணெதிரே நடந்தது: ஜல்லி அடியில், மேலே வெறும் சிமெண்ட் பால். அந்தத் தூணை இடித்தோம். நெய்வேலிச் சாம்பலோ பழுப்பு நிலக்கரியுடையது. சுண்ணாம்பும் கந்தகமும் கூடுதல்.

பாகூர் வாசகி:
புதுச்சேரிப் பழைய வீடுகளில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்களே, இதிலும் சேர்க்கலாமா?

வில்லியனூர்ப் பொறியாளர்:
வேண்டாம் அம்மா, அது சுண்ணாம்புக்கு. சிமெண்டில் துளி சர்க்கரை பட்டாலே இறுகுவது தள்ளிப்போகும்.

மஞ்சக்குப்பத்தான்:
அந்தத் தூணைக் கெடுத்தது தண்ணீர், சாம்பல் அல்ல. சக்கைச் சாம்பலை மறுபடி சுட்டு, அரைத்துச் சலித்தால் கரி குறையும். ஓட்டத்தைப் பார்க்க ஆய்வகமும் வேண்டாம். தகட்டில் கூம்பை வைத்து நிரப்பித் தூக்கினால் கலவை 65 முதல் 75 செ.மீ. வரை வட்டமாகப் பரவ வேண்டும். விளிம்பில் நீர் வளையம் தெரிந்தால் அந்தக் கலவையை ஒதுக்கிவிடலாம். நல்ல சாம்பல் கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைத்து உப்பைத் தடுக்கிறது. கடலோரத்தில் கம்பிக்கு வேறென்ன காவல்?

வில்லியனூர்ப் பொறியாளர்:
உப்பைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் சாம்பல் மெதுவாக வேலை செய்வது. 14 நாளாவது ஈரச் சாக்குச் சுற்றி நீராற்ற வேண்டும். ஏழாம் நாளே சாக்கைக் கழற்றினால் அந்தக் காவலும் போயிற்று. தண்ணீர்போல ஓடும் கலவை, தூணைச் சுற்றி அடிக்கும் அச்சுப் பலகையையும் தண்ணீர்போலவே தள்ளும், முட்டுகளை நெருக்கி வையுங்கள். லோடுக்கு லோடு சோதனைச் சீட்டு இருந்தால் நெய்வேலிச் சாம்பலுக்குக் கையெழுத்திடுவேன். சக்கைச் சாம்பலுக்கு, தூணில், மாட்டேன்.

மஞ்சக்குப்பத்தான்:
சரி, அதை மதில் சுவரில் போட்டுப் பார்க்கிறேன். கூம்பு வாங்கியாகிவிட்டது. சனிக்கிழமை வாருங்கள், தண்ணீர்க் குழாயடியில் நீங்களே நில்லுங்கள்.