டெரீவ்: ‘அலைதல்’ வேண்டாம், ‘ஊரோட்டம்’ எனலாமா?

வணக்கம்.

நாம் சேர்ந்து தயாரிக்கும் தமிழ்க் கலைச்சொற் பட்டியலில், சைக்கோஜியோகிரபிக்கு, அதாவது இடங்கள் மனதை எப்படித் தொடுகின்றன என்று பார்க்கும் துறைக்கு, ‘உளப்புவியியல்’ என்று முடிவானதில் எனக்கு மறுப்பில்லை. உளவியலும் புவியியலும் பள்ளிக்கூடத்திலேயே பழகின சொற்கள். சேர்த்துச் சொன்னால் பொருள் தானாக விளங்கும். இடறுவது, நகரம் இழுக்கிற பக்கம் போகும் நடையைக் குறிக்கிற ‘டெரீவ்’ என்ற பிரெஞ்சுச் சொல்தான். அதற்குப் பட்டியலில் ஐயா ஒருவர் தந்த ‘அலைதல்’ பற்றித் திருகோணமலையிலிருந்து ஒரு மறுப்பு.

கடலலையும் கால் அலைவதும் ஒரே சொல்லில் நிற்கிற அழகு எனக்கும் தெரிகிறது. ஆனால் இங்கே அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கிறார்கள். 2006இல் போரால் சம்பூரை விட்டு வெளிக்கிட்டு வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம் என்று வருடக்கணக்கில் கிடந்த சனம் தங்கள் கதையை “எங்கெல்லாம் அலைஞ்சம்” என்றுதான் சொல்லும். விரும்பி நடக்கிற நடைக்கு அதே பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

டெரீவ் எது என்பதைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் கீ தெபோர் 1956இல் எழுதிய கட்டுரையில் தெளிவாகவே சொல்கிறார். ஒருவரோ சிலரோ, வழக்கமாக நடமாடுவதற்கான காரணங்களைக் கொஞ்ச நேரம் கைவிட்டு, இடத்தின் இழுப்புக்கும் எதிர்ப்படுகிறவற்றுக்கும் தங்களை விட்டுக்கொடுப்பது. இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது என்கிறார். சராசரியாக ஒரு நாள், அதாவது இரண்டு உறக்கங்களுக்கு இடைப்பட்ட நேரம். காரணத்தைக் கைவிடு என்ற அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். “எங்க போறாய், ஏன் போறாய்” என்று சென்றியில் (சோதனைச் சாவடியில்) கேட்டால் சொல்ல ஒரு காரணத்தை வாயில் வைத்துக்கொண்டுதான் என் வயதுக்காரர் இந்த ஊரில் நடந்து பழகினோம். காரணமில்லாமல் நடக்கக் கிடைத்தது எங்களுக்குப் பெரிய விஷயம். அதற்கு வைக்கிற சொல்லில் திசைகெட்ட தொனி கூடாது.

டெரீவுக்கு அக்கா ஒருவர் சொன்ன ‘உலாத்தல்’ இன்னும் கிட்டத்தில் வருகிறது. பின்னேரம் டச்சு பே கடற்கரைக்கு உலாத்தத்தானே போகிறோம். ஆனால் உலாத்துகிறவருக்கு எந்த இடத்தில் திரும்புவது என்பது முதலே தெரியும். ‘நகர்வல’மும் அப்படியே. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் வலம் வரும் தெருக்கள் ஊருக்கே தெரிந்தவை.

விடை தெபோரிடமே கிடக்கிறது. நகரங்களுக்கு மாறாத நீரோட்டங்களும் நிலைப்புள்ளிகளும் சுழிகளும் உண்டு, சில பகுதிகளுக்குள் நுழைவதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் அவை கடினமாக்கும் என்று எழுதுகிறார். கப்பல் பாதையிலிருந்து விலகி இழுபட்டுப் போவதற்கும் பிரெஞ்சில் டெரீவ் என்றுதான் பெயர். அப்படியானால் நீரோட்டம் போல ‘ஊரோட்டம்’. ஊர் நம்மை இழுக்கிற இழுப்பு ஊரோட்டம். அதற்குத் தன்னை விட்டு நடப்பது ‘ஊரோட்ட நடை’. ஓட்டம் என்றதும் பந்தயம் நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லக்கூடும். தேரோட்டம், இரத்த ஓட்டம் என்று கேட்கும்போது அப்படி வருவதில்லையே.

போன கிழமை சொல்லைச் சோதித்துப் பார்க்கவென்றே நானும் ஒரு சிநேகிதியும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இருந்து நடந்தோம். பிரட்றிக் கோட்டை வாசலில் ஒரு மான், வாழைப்பழத் தோலை முன்னங்காலால் அமத்திக்கொண்டு கிழித்துத் தின்றது. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். பூத்தட்டோடு மலைக்கோயிலுக்கு வந்தவர்களும் அங்கே ஒரு நிமிடம் நின்றார்கள். பிறகு பாதிப்பேர் மலைக்கு ஏற, மற்றவர்கள் கடற்கரைப் பக்கம் வழிந்தார்கள். திரும்பும்போது கடற்படைத் தளப் பக்கம் போனோம். உயர்ந்த மதில் கண்ணில் பட்டதும் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமலே தெருவின் மறுகரைக்கு மாறியிருந்தோம். யாரும் எங்களைத் தடுக்கவில்லை. சுழி என்று அவர் சொன்னது இதைத்தான் என்று அப்போது பட்டது.

அடுத்தது, பொது இடத்தில் சனமும் சேர்ந்து செய்யும் கலைக்குப் பட்டியலில் உள்ள ‘பங்கேற்புப் பொதுக்கலை’. பங்கேற்பு என்றால் வேறொருவர் நடத்துகிற நிகழ்வுக்கு நாங்கள் போய் இருந்துவிட்டு வருவது போல் இருக்கிறது. நகர்வலத்தன்று வாசலுக்கு வாசல் நிறைகுடமும் கோலமும் வைப்பார்கள். ஒவ்வொரு வீடும் தன் படலையை மட்டுந்தான் பார்க்கிறது. விடிய எழும்பினால் தெரு முழுதும் ஒரே ஆக்கமாய்க் கிடக்கும். ஊர்கூடித் தேரிழுப்பது போல, இதை ‘ஊர்கூடுகலை’ எனலாம். 1957இல் தெபோர் பாரிஸ் வரைபடத்தைத் துண்டுகளாக வெட்டி, சிவப்பு அம்புக்குறிகளால் இணைத்தார். அதே வேலையை இங்கே தெருச்சனத்தோடு நிலத்தில் சோக்கால் செய்தால் அது ஊர்கூடுகலை.

‘ஊரோட்டம்’ பதிவுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் தேவைப்பட்டால் இதைப் போடுங்கள்: “கோட்டை வாசலில் ஊரோட்டம் இரண்டாகப் பிரிகிறது.”