பூவா தலையா, யார் வீட்டுக் கூழ்?

குழு: மேல்பட்டி வீடு

அத்தை (சேண்பாக்கம்): ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ். காசு எப்போது சுண்டுவது? வழக்கம்போல் இவரே சுண்டட்டும்.

அம்மா: சரி அண்ணி

பெரியம்மா (காட்பாடி): வழக்கம்போல் என்றால் வழக்கம்போல் சேண்பாக்கம்தானே

அத்தை: அம்மன் கொடுக்கிறாள், நான் என்ன செய்ய

நான்: ஒரு சந்தேகம். இரண்டு காசும் பூ விழுந்தால் பெரியப்பா வீடு. இரண்டும் தலை என்றால் குடியாத்தம், எங்கள் வீடு. ஒன்று பூ ஒன்று தலை என்றால் அத்தை வீடு. இதுதானே விதி?

மாமா: ஆமாம் கண்ணு. மூன்று வீடு, மூன்று விதம். பஞ்சாயத்தே கிடையாது.

நான்: நேற்று டியூஷனில் கூறுவெளி நடத்தினார்கள். இரண்டு நாணயத்துக்கு நான்கு என்று எழுதினோமே?

அண்ணன் (ஓசூர், பெரியப்பா மகன்): ஐயையோ

அண்ணன்: அப்பா பத்து நிமிடமாகத் தட்டச்சு செய்கிறார். எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

பெரியப்பா: குழந்தை கேட்டது மிகச் சரி. ஒரு சோதனையில் என்னென்ன விளைவு வரலாமோ அத்தனையையும் எதையும் விடாமல், எதையும் இருமுறை எழுதாமல் அடுக்கினால் அதுதான் கூறுவெளி. இரண்டு காசுக்கு: பூ-பூ, பூ-தலை, தலை-பூ, தலை-தலை. நான்குக்கும் சம வாய்ப்பு. நடுவில் உள்ள இரண்டும் சேண்பாக்கத்துக்குப் போகின்றன. ஆக அவர்களுக்கு நான்கில் இரண்டு, அதாவது பாதி. காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் கால், கால்.

அப்பா: அடேங்கப்பா

அம்மா: பாதியா!!

மாமா: பூ-தலை, தலை-பூ இரண்டும் ஒன்றுதானே மச்சான். தரையில் கிடக்கும்போது எது முதல் காசு என்று யாருக்குத் தெரியும்?

பெரியப்பா: நமக்குத் தெரியாவிட்டால் என்ன மாப்பிள்ளை, காசு இரண்டுதானே. ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் எடுத்துச் சுண்டிப் பாருங்கள். ஒரு ரூபாய் பூ, ஐந்து ரூபாய் தலை என்பது ஒரு விதம். மாறி விழுந்தால் வேறு விதம். இரண்டும் ஒரு ரூபாய்க் காசாகிவிட்டால் அந்த இரண்டு விதமும் ஒன்றாகச் சுருங்கிவிடுமா? கண்ணுக்குத் தெரியும் முடிவு மூன்று என்பது உண்மை. ஆனால் மூன்றும் சம எடை இல்லை. அதனால் மூன்றில் ஒன்று என்று பங்கு போடக் கூடாது.

அண்ணன்: பாலாற்றில் தண்ணீர் வரும் அல்லது வராது. இரண்டே விதம். அப்போ பாதிப் பாதி

பெரியம்மா: பாலாற்றில் தண்ணீரா, நல்லா சொன்னே

அம்மா: ஏன், 2021 நவம்பரில் கரை புரண்டதே

அப்பா: அது இருக்கட்டும். அண்ணா, நான்கு வருஷமாகக் காசு சுண்டும்போது பக்கத்தில் நின்ற கணக்கு வாத்தியார் யார்?

பெரியம்மா: அப்படிக் கேளுங்கள் தம்பி

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: மேதைகளே இதில் சறுக்கியிருக்கிறார்கள். பிரான்சின் டாலம்பேர் 1754-ல் கலைக்களஞ்சியத்தில் என்ன எழுதினார்? காசை இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ மூன்றில் இரண்டு வாய்ப்பு என்று. முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, அதனால் மொத்தம் மூன்றே விதம் என்பது அவர் வாதம். சரியான விடை நான்கில் மூன்று.

மாமா: பார்த்தீர்களா, அவரும் நானும் ஒரே கட்சி

அண்ணன்: இனிமேல் டாலம்பேர் மாமா

அத்தை: ஆக, இவர் நான்கு வருஷத்தில் மூன்று முறை ஏமாற்றினார் என்கிறீர்களா அண்ணா?

பெரியப்பா: ஏமாற்று என்று நான் எங்கே சொன்னேன்? பாதி வாய்ப்பு இருப்பவருக்கு நான்கு தடவையில் மூன்றோ நான்கோ வருவது 16-க்கு 5. அதிசயமே இல்லை. விதிதான் கோணல், ஆள் இல்லையம்மா.

பெரியம்மா: பாட்டியின் பித்தளை அண்டா அங்கே போய் ஆறு வருஷம். அது எந்த விதி?

அத்தை: கூழ் காய்ச்சத்தானே வந்தது அண்ணி

பெரியம்மா: அதுதான் கூழ் அங்கேயே காய்கிறதே

அம்மா: இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வந்திருக்கிறது. கருவாட்டுக் குழம்புக்கு எத்தனை கிலோ வாங்க?

அப்பா: ஐந்து

அத்தை: ஏழு. போன வருஷம் பற்றவில்லை.

அத்தை: அம்மா பேசுகிறாள், கேளுங்கள் (குரல் செய்தி 0:41)

அண்ணன்: மீட்டிங்கில் இருக்கிறேன், யாராவது எழுதிப் போடுங்கள்

நான்: பாட்டி சொல்கிறாள்: "தாயம் ஆடினவளுக்குத் தெரியாதாடா இது? மூன்று சும்மா சும்மா விழும். பன்னிரண்டு கேட்டால் வைகுண்ட ஏகாதசி விடிந்தாலும் விழாது." அப்புறம் இருமல்.

பெரியப்பா: அம்மா சொன்னதே பாடம்! பித்தளைக் கட்டைக்கு நான்கு பக்கம்: காலி, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டைக்கு 4 x 4 = 16. மூன்று விழ நான்கு வழி: காலி-மூன்று, மூன்று-காலி, ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று. தாயத்துக்கு, அதாவது ஒன்று விழ, இரண்டு வழி. பன்னிரண்டுக்கு இரண்டுமே காலியாக விழ வேண்டும், ஒரே வழி. ஆறுக்கும் மூன்று-மூன்று மட்டும்தான்.

அம்மா: எனக்குத் தாயம் விழாததற்கு இதுதான் காரணமா

அப்பா: உனக்கு விழும். நீ உருட்டுவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவாய்.

அப்பா: சரி, இப்போது என்ன செய்யலாம்?

நான்: ஒரு ரூபாயை முதல் காசு என்று வைத்துக்கொள்வோம். பூ-தலை என்றால் அத்தை வீடு. தலை-பூ என்றால் மறுபடி சுண்டலாம். மூன்று வீட்டுக்கும் சமம்.

பெரியப்பா: சபாஷ்

மாமா: விடாமல் தலை-பூவே விழுந்தால்?

பெரியப்பா: தொடர்ந்து ஐந்து தடவை விழ 1024-க்கு ஒன்று.

பெரியம்மா: எதற்கு இத்தனை? மூன்று சீட்டு எழுதிப் போட்டு பாட்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

அத்தை: சீட்டு வேண்டாம். பழைய சீட்டு கதை மறந்துவிட்டதா? ஒன்று மட்டும் கல்யாணப் பத்திரிகை அட்டையில் எழுதியிருந்தது.

பெரியம்மா: வீட்டில் வேறு தாள் இல்லை, அதனால்

பெரியப்பா: அட்டையின் தடிமன் வேறுபட்டால் சம வாய்ப்பு போய்விடும். மூன்று சீட்டானாலும் கூறுவெளியில்

அப்பா: அண்ணா, போதும்

அண்ணன்: சீட்டை அண்டாவில் போட்டுக் குலுக்கலாம். அப்படியாவது அண்டா வெளியே வரும்.

மாமா: ஞாயிறு காலை கோயிலில் வைத்துச் சுண்டிவிடலாம். ஐந்து ரூபாய்க் காசு யாராவது கொண்டு வாருங்கள்.

அப்பா: அன்றைக்கே கூழ், அன்றைக்கே காசா?

அத்தை: கேழ்வரகு நான் அரைக்கக் கொடுத்துவிட்டேன். 20 கிலோ.

பெரியம்மா: அப்போ முடிவாகிவிட்டது போல

அம்மா: கத்திரிக்காய் ஐந்தா ஏழா? கடைக்காரர் நிற்கிறார்