காரின் முன்கதவு ஸ்பீக்கர் மாற்றிய அனுபவம் – உங்களுடையதையும் எழுதுங்கள்

என் மகள் மிருதங்கம் கற்றுக்கொள்கிறாள். வகுப்பு மயிலாப்பூரில், வீடு மேடவாக்கத்தில். வாரத்தில் இரண்டு நாள், போக வர இரண்டு மணி நேரம் காரில்தான் பொழுது. வழியெல்லாம் கச்சேரிப் பதிவுகள் ஓடும். ஒருநாள் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் போய்க்கொண்டிருந்தபோது, "அப்பா, இவர் இடது கையே வாசிக்கலையா?" என்று கேட்டாள். அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்தார். எங்கள் காரில் கேட்கவில்லை. வலது கை வாசிக்கும் வலந்தலையின் 'நம்', 'தின்' எல்லாம் கணீரென்று வந்தன. இடது கை வாசிக்கும் பக்கமான, ரவை அப்பிய தொப்பியிலிருந்து எழும் 'தொம்' மட்டும் கதவுக்குள்ளேயே செத்துப்போயிற்று. ஸ்பீக்கரை மாற்றியே தீர வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு முடிந்து, திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன். சென்னையில் காருக்கு எது வேண்டுமானாலும் அந்தத் தெருவைத்தான் சொல்வார்கள். ஜேபிஎல், இன்ஃபினிட்டி, பயனியர், சோனி, ஹெர்ட்ஸ் என்று அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்ததும் தலை சுற்றியது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் காரின் முன்கதவில் உட்காரக்கூடியது ஆறரை இஞ்ச். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். கொட்டை எழுத்தில் 350 வாட். "இதைப் போட்டுட்டு வந்து சொல்லுங்க சார்" என்றார். வாங்கிவிட்டேன். கடைப் பையன் கதவின் உள்பக்க உறையான டோர் பேடைக் கழற்றி, பழைய ஸ்பீக்கரை எடுத்து, புதியதை நான்கு ஸ்க்ரூவில் மாட்டி, நாற்பது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டான்.

சத்தம் கூடியிருந்தது, உண்மை. வயலின் முன்னைவிடத் தெளிவாக வந்தது. ஆனால் தொப்பி? அதே கதைதான். கூடவே புதுத் தொல்லை ஒன்று: ஒலியைக் கொஞ்சம் கூட்டினாலே கதவு 'ஜ்ர்ர்' என்று அதிர்ந்தது. ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய் போட்டு என்ன பிரயோஜனம் என்று மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முதலில் அந்த 350 வாட். அது ஒரு கணம் ஸ்பீக்கர் தாங்கக்கூடிய உச்சம், அவ்வளவுதான். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆர்எம்எஸ் 50 வாட் என்று இருந்தது, அதாவது தொடர்ந்து தாங்கக்கூடிய அளவு. நாம் பார்க்க வேண்டிய எண் அது. சரி, அந்த 50 வாட்டையாவது என் ஸ்டீரியோ தருகிறதா? ஸ்டீரியோவின் முகப்பிலும் '50 x 4' என்று அச்சிட்டிருப்பார்கள். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். அதை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாத ஒலியாகக் கொடுக்க முடிந்தது, கணக்குப்படியே 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் 20 வாட்டை ஒட்டித்தான் இருக்கும். தனி ஆம்ப்ளிஃபையர் வைக்காதவர்கள் வாட்டைத் துரத்துவதில் அர்த்தமே இல்லை. கொடுக்கிற சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை சென்சிட்டிவிட்டி என்று டெசிபலில் ஓர் எண்ணாகப் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் தேவைப்படுகிற இடத்தில் 91 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பத்து வாட்டே போதும். மூன்று டெசிபல்தான் வித்தியாசம், ஆனால் சக்தியில் பாதி.

இதெல்லாம் தெரிந்த பிறகும் தொப்பி வரவில்லையே! நண்பர் ஒருவர் சொல்லி, முப்பது வருடமாகக் கார் ஸ்டீரியோ வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். புதுப்பேட்டைப் பக்கம் சின்ன ஷெட். பாட்டு போடச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஸ்டீரியோவைத் தொடக்கூட இல்லை. கைப்பிடிக் குழிக்குள் மூடியை நெம்பி, உள்ளே ஒளிந்திருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, பிளாஸ்டிக் பட்டையால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, டோர் பேடை மேல்நோக்கித் தூக்கி எடுத்தார். பிறகு வெளித் தகட்டை உள்ளிருந்து விரல் முட்டியால் தட்டினார். 'டங்ங்' என்று காலி எண்ணெய் டின் மாதிரி சத்தம் வந்தது.

"ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தான் தம்பி. பெட்டி எங்கே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே நேரத்தில் பின்பக்கக் காற்று விரிகிறது. இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான், ஆனால் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். வீட்டு ஸ்பீக்கரை மரப்பெட்டிக்குள் அடைப்பதே பின்பக்க ஒலி முன்னால் வந்து கலக்காமல் இருக்கத்தான். காரில் அந்தப் பெட்டி கதவு. ஆனால் கதவின் உள்தகட்டில் கண்ணாடி மோட்டாரையும் பூட்டையும் பழுது பார்க்கக் கை விடுவதற்காகப் பெரிய பெரிய ஓட்டைகள், அவற்றின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். உச்ச ஸ்தாயி ஒலி ஸ்பீக்கரிலிருந்து நேராகப் பாயும், அதற்குப் பெரிய பாதிப்பு இல்லை. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ கிட்டத்தட்ட 3.4 மீட்டர். கதவைச் சுற்றி வளைந்து வந்து முன்பக்க அலையோடு மோதுவதற்கு அது தயங்குவதே இல்லை. என் தொப்பி தொலைந்துபோன இடம் இதுதான்.

அரை நாள் வேலை. நான் பக்கத்திலேயே நின்றேன். முதலில் வெளித் தகட்டின் உள்பக்கத்தைத் துணியில் தின்னர் தொட்டுத் துடைத்தார்; கறுப்பு மாவு மாதிரி அழுக்கு வந்துகொண்டே இருந்தது. அது நன்றாக உலர்ந்ததும் ஒருபக்கம் அலுமினியத் தாளும் மறுபக்கம் பியூட்டைல் ரப்பர் பசையும் உள்ள, அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டை வெட்டி, ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும் தகட்டின் நடுப்பகுதியிலும் ஒட்டினார். ஒட்டியதோடு விடவில்லை. சின்ன உருளையை வைத்து, ஷீட்டின் மேல் இருக்கும் புடைப்புக் கோலம் மறைந்து சமமாகும்வரை உருட்டினார். "இந்தக் கோலம் தெரிஞ்சா ஒட்டலைன்னு அர்த்தம்" என்றார். இடையில் காற்று நின்றால் வெயிலில் உரிந்துவிடுமாம். அடுத்து உள்தகட்டின் ஓட்டைகள். பெரியவற்றின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு வைத்து அதன்மேல் ஷீட், சின்னவற்றின் மேல் ஷீட் மட்டும். கதவின் அடியில் இருக்கும் நீர் வடியும் துளைகளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, திறந்திருக்கின்றன என்று உறுதி செய்துகொண்டார். ஸ்பீக்கர் உட்காரும் வளையத்தைச் சுற்றி ஃபோம் பட்டை. டோர் பேடுக்கும் ஸ்பீக்கர் முகத்துக்கும் இடையில் இன்னொரு ஃபோம் வளையம், ஒலி டோர் பேடின் பின்னால் சிதறாமல் அதன் சல்லடை மூடி வழியாகவே வெளிவருவதற்கு. மாட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றி, காந்தத்தில் உரசுகிறதா என்று இரண்டு முறை பார்த்தார்.

முடித்ததும் வெளியே நின்று கதவைத் தட்டினார். இப்போது 'டங்' இல்லை, 'டப்'. கதவைச் சாத்தும் சத்தமே வேறு காருடையதுபோல இருந்தது.

ஸ்பீக்கர் அதேதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். அதே ஆறரை இஞ்ச், அதே ஸ்டீரியோ. இரண்டு முன்கதவுக்கும் ஷீட்டும் கூலியும் சேர்த்து நான்காயிரம் ஆயிற்று. ஸ்டீரியோவில் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்துக் கொடுத்தார்; அதற்குக் கீழான ஆழ்ந்த ஒலியை அது குறைத்துவிடும். சின்னக் கூம்பு தன்னால் முடியாத ஆழத்துக்குத் திணறாமல் இருக்க அது நல்லது. எனக்குத் தொப்பி கொஞ்சம் மெலிந்ததுபோலப் பட்டதால் நானே பின்னர் 60க்கு இறக்கிக்கொண்டேன். வியாழக்கிழமை வகுப்புக்குப் போகும்போது அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. வேளச்சேரி தாண்டுவதற்குள் அவளுடைய இடது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தது.

புதிதாக ஸ்பீக்கர் மாற்ற நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது: கையில் பத்தாயிரம் இருந்தால் பத்தாயிரத்துக்கும் ஸ்பீக்கர் வாங்காதீர்கள், பாதியைக் கதவுக்கு ஒதுக்குங்கள். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள், இன்னும் நான்கு பேருக்கு உதவும்.

* * *

கோவையிலிருந்து எழுதுகிறேன். அண்ணா, நீங்கள் சொன்ன கதவு விஷயம் முழுக்கச் சரி. எனக்குத் தொப்பி தொலைந்தது வேறொரு வழியில், அதனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் நன்றாகச் செலவு செய்து, டேம்பிங் எல்லாம் போட்டுத்தான் மாற்றினேன். இருந்தும் பாட்டு தட்டையாக இருந்தது. பாடுகிறவரின் குரல் முன்னாலிருந்து வராமல், இங்கே அங்கே என்று பிடிபடாமல் காருக்குள் மிதந்தது. ஒரு மாதம் அப்படியே ஓட்டினேன். ஒருநாள் தற்செயலாக இடது, வலது ஒலியைப் பிரிக்கும் பேலன்ஸை முழுக்க வலப்பக்கம் தள்ளினேன், பேஸ் (ஆழ்ந்த ஒலி) கூடியது! ஒரு ஸ்பீக்கரை நிறுத்தினால் பேஸ் எப்படிக் கூடும்? அப்போதுதான் பொறி தட்டியது. ஒரு கதவில் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறியிருந்தது. ஒரு பக்கக் கூம்பு முன்னால் வரும்போது மறுபக்கக் கூம்பு பின்னால் போயிருக்கிறது.

மாட்டிய கடையில் ஒயரை இணைக்கும் பழைய கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். எது எந்த முனை என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. என் தம்பி சுவர்க்கடிகாரத்திலிருந்து ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கழற்றி வந்தான். ஸ்பீக்கரை ஸ்டீரியோவிலிருந்து பிரித்துவிட்டு, ஒயரின் இரண்டு முனையிலும் பேட்டரியை ஒரு நொடி தொட்டு எடுத்தான். பேட்டரியின் பாசிட்டிவ், ஸ்பீக்கரின் பாசிட்டிவில் பட்டால் கூம்பு 'டக்'கென்று வெளியே வரும். மாறியிருந்தால் உள்ளே போகும். இடது கதவில் உள்ளே போயிற்று. மாற்றிப் போட்டதும் குரல் டேஷ்போர்டுக்கு நேர் மேலே வந்து நின்றது.

யாரிடம் மாட்டினாலும் உங்கள் காருக்கான கப்ளர் ஒயரைக் கேட்டு வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். கம்பெனி ஒயரை வெட்டவே விடாதீர்கள். வெட்டினால் வாரண்டிக்கும் வம்பு.

* * *

நாகர்கோவில். எங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு, ஆகவே தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கண்ணாடி வழியாக வழியும் மழை நீர் கதவுக்குள் இறங்கித்தான் போகும். அது கதவின் வடிவமைப்பே, கோளாறு அல்ல. அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பதுதான் டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளின் வேலை. எனக்கு வேலை செய்தவர் அதைக் கிழித்துத் தூர எறிந்துவிட்டு, ஓட்டைகளையும் மூடாமல் விட்டுவிட்டார். ஐப்பசியில் கால்மிதியடியைத் தூக்கினால் அடியில் குளம். ஸ்பீக்கரை உயர்த்த எம்டிஎஃப் என்ற மரத்தூள் பலகையில் வளையம் வெட்டி வைத்திருந்தார். ஒரே மழைக்காலத்தில் அது ஊறி, பிரிட்டானியா ரொட்டியைத் தேநீரில் போட்டதுபோலப் பொதபொதவென்று ஆகி, ஸ்க்ரூ பிடிமானமே போய்விட்டது. இப்போது கனமான பிளாஸ்டிக் வளையம் போட்டிருக்கிறேன், மூன்று வருடமாக ஒன்றும் ஆகவில்லை.

இன்னொன்று. மலிவாகக் கிடைக்கிறது என்று தார் ஷீட்டை ஒட்டிவிடாதீர்கள். சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த காரில் அது இளகி வழியும், உள்ளே தார் போட்ட ரோட்டு வாசம். பியூட்டைல்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

* * *

திருச்சியிலிருந்து. நான் எல்லாம் ஒன்றாக இருக்கும் கோஆக்ஸியல் போடாமல் காம்பொனென்ட் போட்டேன். அதாவது உச்ச ஒலிக்கு ட்வீட்டர் தனி, ஆழ்ந்த ஒலிக்கு ஊஃபர் தனி, நடுவில் இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர். கதவின் கீழே முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து உச்ச ஒலி காதுவரை வருவதில்லை, கால் மறைத்துவிடுகிறது. ட்வீட்டரைப் பக்கவாட்டுக் கண்ணாடி முக்கோணத்தில் வைத்ததும் வயலின் கண்ணுக்கு நேராக வந்தது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. திரை ஏர்பேக் உள்ள காரில் முன்தூணின் உறைக்குள் ஒயர் இழுப்பதாக இருந்தால், ஏர்பேக் விரியும் பாதைக்குக் குறுக்கே அது போகவே கூடாது. சில கார்களில் கதவுக்குள்ளேயே மோதலை உணரும் அழுத்த சென்சார் இருக்கும். அப்படிப்பட்ட கதவில் ஓட்டைகளை அடைப்பதற்கு முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உயிர் விஷயம்.

* * *

முதலில் எழுதியவன்தான். மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோவைத் தங்கையின் பதிவைப் படித்துவிட்டு இறங்கிப் போய் என் பேலன்ஸை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. பின்கதவு ஸ்பீக்கரையும் மாற்றலாமா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். பின்னால் ஆள் உட்காராத காரென்றால் வேண்டாம். முன், பின் ஒலியைப் பிரிக்கும் ஃபேடரை முன்பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்து, பின்னால் மெல்லியதாக ஓடவிட்டால் போதும். அந்தப் பணத்தில் முன்கதவுக்கு இன்னொரு அடுக்கு ஷீட் ஒட்டலாம். வரும் சனிக்கிழமை அந்தப் பெரியவரிடம் அதற்காகத்தான் போகிறேன். இந்த முறை மகளும் வருகிறாள்.